சீல் வைத்த பட்டியல்

தணிகைவேலின் கால்கள் ஒரே ஒரு முறைதான் அவன் சொன்னபடி கேட்கவில்லை. அதைப் பார்த்தவன் சவரிமுத்து மட்டும்தான்.

கடலூர் முதுநகரில் ஒரு பெயிண்ட் கிடங்கு தீப்பிடித்த நாள் அது. இருவரும் கீழைக்கரை மீட்புப் படையில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். பன்னிரண்டு வருடம் ஒரே வண்டியில் ஓடியவர்கள். கிடங்கின் மாடி ஜன்னலில், அங்கே வேலை செய்யும் பெண் ஒருத்தி துப்பட்டாவை வெளியே ஆட்டிக்கொண்டிருந்தாள். அன்று முதலில் உள்ளே போகவேண்டிய முறை தணிகைவேலுடையது. முகமூடியை மாட்டினான், சிலிண்டரைத் திறந்தான், வாசல்வரை போனான். அதற்குமேல் போகவில்லை. போ என்று மனம் சொன்னது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. முழங்காலுக்குக் கீழே அந்தச் சொல் இறங்கவில்லை. சவரி அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தான். ஒன்றும் கேட்காமல் அவனைத் தாண்டி உள்ளே போனான். அந்தப் பெண் பிழைத்தாள். அவளை வெளியே தள்ளிவிட்டுத் திரும்பும்போது பக்கச் சுவர் சரிந்து சவரியின் இடது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் சவரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, "நான்தான் சார் அவன வெளியில நிக்கச் சொன்னேன். ரெண்டு பேரு போற அளவுக்குப் படி தாங்காதுன்னு தோணுச்சு" என்றான். பொய்யைச் சொல்லிவிட்டுத் தணிகைவேலைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அதன்பிறகு தணிகைவேலால் நேராகப் பார்க்க முடியவில்லை. நன்றி சொன்னால் தான் நின்றதை ஒப்புக்கொண்டதாகும். அதனால் அவன் நன்றி சொல்லவே இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் படையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. புதிய சோதனை ஒன்றுக்கு இருபத்து நான்கு பேர் தேவை என்றது. முதலில் கையெழுத்துப் போட்டவன் தணிகைவேல்.

சோதனையை நடத்தியவர் டாக்டர் மெஹருன்னிசா. பரங்கிப்பேட்டைக்காரர், அறுபதை நெருங்கியவர், எதையும் இரண்டு தடவை யோசித்துவிட்டுப் பேசுகிறவர். கையில் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியை வைத்திருந்தார். அதற்குள் நெல்மணி அளவில் ஏதோ பளபளத்தது.

"காதுக்குப் பின்னால, எலும்புக்குள்ள வெக்கிறது. அரை மணி நேர வேலை" என்றார்.

"இத வெச்சா பயமே வராதா டாக்டரம்மா?"

"வரும் தம்பி. நெஞ்சு அடிச்சுக்கும், கை வேர்க்கும், எல்லாம் எப்பவும் போலத்தான். பயம் மூளையிலேருந்து காலுக்கு 'நில்லு'ன்னு ஒரு உத்தரவு அனுப்புது இல்லையா, அத மட்டும் இது வழியிலயே தடுத்துடும்."

தணிகைவேல் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டான். அவனுக்காகவே யாரோ கண்டுபிடித்ததுபோல் இருந்தது.

"ஆனா ஒண்ணு. பன்னிரண்டு பேருக்குத்தான் உண்மையான கருவி. மத்த பன்னிரண்டு பேருக்கு அதே எடையில வெறும் கூடு. ஸ்கேன் எடுத்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, வெக்கிற எனக்கும் தெரியாது. பட்டியல சீல் வெச்சுப் பதிவறையில பூட்டிடுவோம். அஞ்சு வருஷம் கழிச்சுத் திறப்போம்."

"வெறும் கூடு எதுக்கு வெக்கணும்?"

"ஒப்பிட்டுப் பாக்கத்தான். இல்லன்னா எது கருவி செஞ்சது, எது மனுஷன் செஞ்சதுன்னு எப்படிச் சொல்றது?"

அவன் அறுவைக் கட்டிலில் ஏறிப் படுத்தான்.

தையல் பிரித்த பத்தாம் நாள், புறவழிச்சாலையில் ரசாயன லாரி ஒன்று கவிழ்ந்து எரிந்தது. டிரைவர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தான். தணிகைவேலுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, வாய் உலர்ந்தது, கிடங்கு வாசலில் இருந்த அதே பயம் அப்படியே வந்தது. ஆனால் கால்கள் போயின. கண்ணாடியை உடைத்து டிரைவரை இழுத்து வெளியே போட்ட பிறகுதான் தான் நடந்து வந்த தூரம் அவனுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மனைவி பூவிழியின் தோளில் முகம் புதைத்து அழுதான்.

"வேலை செய்யுது பூவிழி. எனக்கு வெச்சது உண்மையானதுதான்."

பூவிழி பள்ளிக்கூட ஆசிரியை. "நீங்க போனீங்க, அவ்வளவுதானே" என்றாள். அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

நாலரை வருடத்தில் முப்பத்தோரு பேரை அவன் உயிரோடு வெளியே கொண்டுவந்தான். எரியும் ஆலையிலிருந்து, இடிந்த மாடிக்குடியிருப்பிலிருந்து, வருடத்துக்கு மூன்று முறை வரத் தொடங்கிவிட்ட புயல்களிலிருந்து. தொலைக்காட்சியில் வந்தான். பதக்கம் வாங்கினான். சந்தையில் கீரை விற்கிறவர்கள்கூட அவனிடம் காசு வாங்க மறுத்தார்கள். முதலில் அவன் கூச்சப்பட்டான். பிறகு பழகிப்போனது. அதற்கும் பிறகு, யாராவது காசு வாங்கிக்கொண்டால் முகம் சுருங்கியது.

நிலைய அதிகாரியாக இருந்தவன் மண்டல அதிகாரியானான். அடுத்து இருந்தது ஒரே ஒரு நாற்காலி: படைத் தலைவர். அதில் தான் உட்காரவேண்டும் என்ற நினைப்பு எப்போது வந்தது என்று அவனுக்கே தெரியாது. அது இல்லாமல் இதுவரை வந்ததெல்லாம் வீண் என்று மட்டும் தோன்றத் தொடங்கியது.

அந்த மீட்புகளில் கடைசியான கார்த்திகை மாதப் புயலில், படகைத் திருப்பச் சொல்லிக் கரையிலிருந்து மூன்று முறை உத்தரவு வந்தது. தணிகைவேல் திருப்பவில்லை. கவிழ்ந்த விசைப்படகின் அடியைப் பிடித்துக்கொண்டிருந்த நான்கு மீனவர்களைத் தூக்கிக்கொண்டுதான் வந்தான். போகும்போது அவன் படகில் ஆறு பேர் இருந்தார்கள். வரும்போது அவர்களில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். இன்பராஜ் என்ற வீரனை ஓர் அலை எடுத்துக்கொண்டது. திருமணமாகி எட்டு மாதம்.

மறுநாள் காலை பேட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபோது பூவிழி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு தடவகூட அந்தப் பையன் பேர நீங்க சொல்லலீங்க."

"நாலு பேரக் காப்பாத்தியிருக்கேன்."

"நான் அதக் கேக்கல."

"அவனுக்கும் பயமா இருந்தா இறங்கியிருக்கலாம். நான் யாரையும் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகல."

பூவிழி எழுந்துகொண்டாள். "உங்க பின்னால வர்றவங்களுக்கு நெல் இல்லீங்க" என்றாள்.

நெல் என்பது படையில் அந்தக் கருவிக்கு வைத்த பெயர். முதலில் அது செல்லப்பெயராக இருந்தது. இன்பராஜ் இறந்த பிறகு அதன் தொனி மாறியது. சாப்பாட்டுக் கூடத்தில் அவன் நுழையும்போது பேச்சு நின்றது. நின்ற பேச்சின் வால் மட்டும் காதில் விழும்: "அவருக்கென்ன, நெல்லு பாத்துக்கும்."

அந்த வார்த்தை அவனைத் தின்றது. தன் தைரியம் தன்னுடையதல்ல என்று அவனே நம்பிக்கொண்டிருந்தான். ஆனால் அதை இன்னொருவர் சொல்வதை அவனால் பொறுக்க முடியவில்லை. முப்பத்தோரு பேரையும் சுமந்த தோள் தன்னுடையது, தீய்ந்த தோல் தன்னுடையது. பெயர் மட்டும் நெல்மணி அளவு உலோகத்துக்கா?

தை மாதம் படைத் தலைவர் ஓய்வுபெற்றார். தேர்வுக்குழுவின் முன் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று தணிகைவேல். இன்னொன்று துணைத் தலைவர் மங்கையர்க்கரசி, இருபத்தாறு வருட அனுபவக்காரர், சோதனையில் சேராதவர். குழுவிடம் அவர் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்: "தனக்கே நிக்கத் தெரியாதவர் மத்தவங்கள எங்க நிறுத்தறதுன்னு எப்படி முடிவு பண்ணுவார்?" குழு அதை ஏற்றுக்கொண்டது. சோதனையின் ஐந்தாம் வருடம் முடிய எப்படியும் சில வாரங்கள்தான் இருந்தன. திங்கட்கிழமை பட்டியலைத் திறப்பது; உண்மையான கருவி உள்ளவர்களை மீட்பு வேலையில் வைத்துக்கொள்வது, தலைமைப் பதவிக்கு எடுப்பதில்லை என்று தீர்மானம் வந்தது.

அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு தணிகைவேல் நேராக டாக்டர் மெஹருன்னிசாவிடம் போனான்.

"என்னுது மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா."

"எனக்கே தெரியாதுன்னு அன்னிக்கே சொன்னேனே தம்பி."

"வெளியில எடுத்துடலாமா? திங்கக்கிழமைக்கு முன்னால?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுக்கலாம். ஆனா பட்டியல்ல இருக்கறது மாறாதே. எதுக்கு இவ்வளவு பதட்டம்? எதா இருந்தாலும் பிழைச்சவங்க பிழைச்சவங்கதானே?"

தணிகைவேல் அங்கிருந்து ஆய்வு நிலையத்தின் பின்கட்டுக்குப் போனான். பதிவறை அங்கேதான் இருந்தது. அதன் பொறுப்பாளர் சவரிமுத்து. கால் போன பிறகு அவனுக்குக் கொடுத்த வேலை அது.

சவரி மேஜைமேல் பழைய அறிக்கைகளைப் பரப்பி வைத்திருந்தான். தணிகைவேலைப் பார்த்ததும் அவசரமாக அவற்றைக் கவிழ்த்து வைத்தான். அதைத் தணிகைவேல் கவனித்தான்.

"வாடா. என்னா இந்தப் பக்கம், பெரிய ஆளு."

"பட்டியல் எங்க இருக்கு?"

சவரி கண்ணால் இரும்பு அலமாரியைக் காட்டினான். "ஒரே காப்பி. சாவி என்கிட்ட, சீல் டாக்டரம்மாவோடது. ஏன்?"

"அது திறக்கக் கூடாது சவரி."

"திறந்தா என்னா ஆயிடும்?"

"எனக்கு வெச்சது உண்மையான நெல்லு. எனக்கு நல்லாத் தெரியும். வெளிய வந்துச்சுன்னா நாற்காலியும் போச்சு, மானமும் போச்சு. ஊரே சிரிக்கும்."

சவரி ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிரித்த அதே மாதிரி சிரித்தான். "பட்டியல் என்னா வேணாலும் சொல்லட்டும்டா. நீ யாருன்னு எனக்குத் தெரியும். குழுவுக்கும் நானே சொல்றேன்."

தணிகைவேல் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டான். நீ யாருன்னு எனக்குத் தெரியும். பெயிண்ட் கிடங்கின் வாசலில் நின்றவன் என்று தெரியும். ஐந்து வருடமாகப் பொத்தி வைத்திருந்ததைக் குழுவின் முன் எடுத்து வைக்கப்போகிறான். கால் போனவனுக்குக் கோபம் இல்லாமலா இருக்கும்? கவிழ்த்து வைத்த காகிதங்களும் அதற்காகத்தான் இருக்கும். அப்படித்தான் அவனுக்குப் புரிந்தது. வேறு மாதிரியும் புரிந்துகொள்ளலாம் என்று அந்த நேரத்தில் ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. லூர்து உன்னப் பாத்து ஆறு மாசம் ஆச்சுங்கறா" என்றான் சவரி. லூர்து அவன் மனைவி. தணிகைவேல் தலையாட்டிவிட்டு வெளியே வந்தான்.

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றிலிருந்து இரண்டு மணிவரை ஆய்வு நிலையத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். வாரக் கூட்டத்துக்கு எல்லோரும் தலைமைக் கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். சவரியும் போவான். ஆளில்லாத அறை, காகிதங்கள், ஓர் இரும்பு அலமாரி. அவ்வளவுதான் எரியப்போகிறது என்று தணிகைவேல் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான். தீ தானாகப் பிடித்ததுபோல் தோன்ற என்ன செய்யவேண்டும் என்று அவனைவிடத் தெரிந்தவர் அந்த மாவட்டத்தில் இல்லை. பதிவறையை ஒட்டி மின்கலங்கள் வைக்கும் சிறிய அறை இருந்தது. ஐந்து நிமிட வேலை. பின்கதவு வழியாக வெளியே வந்து, முன்பு இருந்ததுபோலவே வெளித்தாழ்ப்பாளைப் போட்டான். புகை சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க அங்கேயே நின்றான்.

அப்போது முன்கதவின் பூட்டு 'பீப்' என்று ஒலிப்பது கேட்டது. யாரோ விரல் வைத்து உள்ளே வந்தார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அடுத்த நிமிடம் மின்சாரம் போனது. மின்சாரம் இல்லாமல் அந்தப் பூட்டு திறக்காது.

உள்ளே ஒரு கோலின் சத்தம் கேட்டது. தரையில் டொக், டொக் என்று ஊன்றிக்கொண்டு முன்கதவுக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் அங்கே தட்டும் சத்தம். பிறகு பின்கதவை நோக்கி வந்தது.

"வெளியில யாராவது இருக்கீங்களா? தாழ்ப்பாளத் தொறங்க. பேட்டரி ரூம்ல தீ."

சவரியின் குரலில் பதற்றமே இல்லை. வேலையில் இருக்கும்போது பேசுகிற குரல் அது. தணிகைவேலின் கை தாழ்ப்பாளின்மேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. இழுத்தால் போதும். ஆனால் இழுத்தால் சவரி அவனைப் பார்ப்பான். இந்த நேரத்தில், இந்த இடத்தில், இந்தக் கையோடு பார்ப்பான். ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவன். இரண்டாவது தடவையும் பொய் சொல்லிச் சிரிப்பானா?

"யாரோ நிக்கிறீங்க, நிழல் தெரியுது. தாழ்ப்பாள் வெளியில இருக்கு பாருங்க. மேல்பக்கம்."

தணிகைவேல் மூச்சை அடக்கிக்கொண்டான். கதவிடுக்கில் புகை கறுத்து வரத் தொடங்கியது. உள்ளே இருமல். அதன்பிறகு வந்த குரல் தாழ்வாக, கீழேயிருந்து வந்தது. சவரி தரையில் படுத்துவிட்டான் என்று தெரிந்தது.

"இனிமே தொறக்காதீங்க. காத்து உள்ள வந்துச்சுன்னா வெடிச்சு உங்க மேல வரும். தள்ளிப் போயி ஸ்டேஷனுக்குச் சொல்லுங்க. தணிகைன்னு ஒருத்தன் இருப்பான், அவன வரச் சொல்லுங்க."

அவன் தள்ளிப் போனான். சுவரேறிக் குதித்து, தெருவைச் சுற்றிக்கொண்டு மீட்பு நிலையத்துக்கு வந்தான். மணி அடித்தபோது வண்டியில் முதலில் ஏறியவன் அவன்தான். எரியும் பதிவறைக்குள் முதலில் நுழைந்தவனும் அவன்தான். சவரியின் உடலை இரு கைகளில் ஏந்தி வெளியே வந்தபோது கூடியிருந்தவர்கள் அழுதார்கள். லூர்து ஓடி வந்து தணிகைவேலின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களாவது எடுத்துட்டு வந்தீங்களே அண்ணே."

அந்தப் படம் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. பட்டியல் எரிந்துபோனதால் குழுவின் தீர்மானத்துக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. நண்பனின் உடலுக்காகத் தீயில் இறங்கியவனை விட்டுவிட்டு வேறு யாரைத் தலைவராக்க முடியும்? பத்தாம் நாள் நியமன ஆணை வந்தது. முதலில் வந்து கைகொடுத்தவர் மங்கையர்க்கரசி.

பெரிய அறை, பெரிய மேஜை, ஜன்னலுக்கு வெளியே கெடிலம் ஆறு கடலில் சேருமிடம். தணிகைவேல் அந்த நாற்காலியில் நேராக உட்கார்ந்து கோப்புகளில் கையெழுத்துப் போட்டான். தான் செய்ததை நினைக்கும்போதெல்லாம் அவனிடம் ஒரு பதில் இருந்தது. அது நெல்லின் வேலை. நில்லு என்கிற உத்தரவைத் தடுக்கிற கருவி, செய்யாதே என்கிற உத்தரவையும் தடுத்திருக்கும். தான் வேறு, அன்று அந்தக் கதவருகே நின்றவன் வேறு. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவனால் சாப்பிட முடிந்தது. பூவிழி மட்டும் அவனிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை டாக்டர் மெஹருன்னிசா வந்தார். இளைத்திருந்தார். கையில் இரண்டு உறைகள்.

"வாழ்த்துச் சொல்லக்கூட வரல நான். மன்னிச்சுக்கங்க. சவரிக்கு அப்புறம் எதுவும் ஓடல" என்று சொல்லி உட்கார்ந்தார். "இந்த மாதிரி சோதனையில பட்டியலோட இன்னொரு பிரதி வெளியூர்ல, யாருக்கு எதுன்னு குலுக்கிப் பிரிச்சவங்ககிட்ட இருக்கும். சட்டம் அது. எனக்கு மட்டும்தான் தெரியும், சவரிக்குக்கூடச் சொன்னதில்ல. அனுமதி வாங்கி வர இவ்வளவு நாள் ஆச்சு."

தணிகைவேலின் பேனா நின்றது. கதவைப் பார்த்தான்; சாத்தியிருந்தது.

"பயப்படாதீங்க. நீங்க கேட்டீங்களே, என்னுது மட்டும் சொல்லுங்கன்னு. இப்ப சொல்லலாம்." அவர் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு சந்தோஷம் வந்தது. "உங்களுக்கு வெச்சது வெறும் கூடு தம்பி. உள்ள ஒண்ணுமே இல்ல. முப்பத்தோரு பேருக்காகவும் போனது நீங்களேதான்."

அவன் ஆனந்தத்தில் வாயடைத்துப்போனதாக டாக்டர் நினைத்துக்கொண்டார். இரண்டாவது உறையை நகர்த்தினார்.

"இது சவரியோடது. அன்னிக்கு ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால எனக்கு மெயில்ல அனுப்பியிருக்காரு. நான் கூட்டத்துல இருந்தேன், அப்புறம்தான் பாத்தேன். குழுவுக்குக் குடுக்கணும்னு உங்க மீட்பு அறிக்கை எல்லாத்தையும் ஒரு வாரமா உக்காந்து தொகுத்திருக்காரு. காகிதக் கட்டு பதிவறையில இருந்திருக்கும். அத எடுக்கத்தான் கூட்டத்துக்கு வராம அங்க போனாருன்னு நினைக்கிறேன்."

தணிகைவேல் காகிதத்தைப் பிரித்தான். சவரி எப்போதும் எழுதுகிற மொட்டையான அலுவலக நடை.

'பட்டியலில் எது இருந்தாலும் குழு இதைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டுகிறேன். இவரை எனக்குப் பதினேழு வருடமாகத் தெரியும். ஒரு தீயில் இவர் வாசலில் நின்றுவிட்டார். விசாரணையில் நான் அதை மறைத்தேன். இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை நின்றவன் திரும்பவும் போவதுதான் கடினம். அதைக் கருவி செய்யும் என்று நான் நம்பவில்லை. இவர்தான் செய்தார். இவர் தலைமையில் வேலை செய்ய எனக்குச் சம்மதம்.'

கீழே சவரியின் பெயர்.

தணிகைவேல் அதை மடித்து வைத்தான். திரும்பப் பிரித்தான். மறுபடியும் மடித்தான்.

"தீ வெச்சது நான்தான் டாக்டரம்மா."

"என்ன?"

"பதிவறைக்கு. பட்டியல எரிக்கத்தான் வெச்சேன். அவன் வருவான்னு தெரியாது. வந்த பிறகு தெரியும்."

டாக்டர் மெதுவாகத் தலையாட்டினார். "துக்கம் இது தம்பி. காப்பாத்த முடியலையேன்னு இப்படித் தோணும். நிறையப் பேர்கிட்ட பாத்திருக்கேன்."

"பின்கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டது நான். அவன் மூணு தடவ பேசினான். முதல் ரெண்டு தடவ தொறன்னு சொன்னான். மூணாவது தடவ தொறக்காதன்னு சொன்னான். அந்த மூணாவது வரைக்கும் நான் நின்னுட்டிருந்தேன்."

டாக்டரின் கை மேஜை விளிம்பைப் பற்றியது. பிறகு அவர் கேட்டது ஒரு மருத்துவர் கேட்கிற கேள்வி. பழக்கத்தில் வந்ததா, அவனுக்கு ஒரு வழி விடுவதற்காகக் கேட்டதா என்று தெரியாது.

"கால் வரலையா? அன்னிக்குக் கிடங்கு வாசல்ல ஆன மாதிரி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பயந்துபோய் உறைந்துவிட்டேன் என்றால் அதில் கொஞ்சம் மனிதத்தன்மை இருந்திருக்கும். அவன் அந்தக் கதவருகே திரும்பப் போய் நின்று பார்த்தான். புகை, குரல், தாழ்ப்பாளின் சூடு.

"இல்ல. கால் நல்லாத்தான் இருந்துது. கையும் நல்லாத்தான் இருந்துது. நான் யோசிச்சுட்டுத்தான் போகல."

டாக்டர் எழுந்தார். வாசல்வரை போய், திரும்பிப் பார்க்காமல், "லூர்துகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அன்று பிற்பகல் தணிகைவேல் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்கு நடந்தே போனான். போகும் வழியில் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள். ஒருவர் குழந்தையைத் தூக்கிக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். விஷயத்தைக் கேட்ட பிறகும் அவரால் உட்கார முடியவில்லை. வாக்குமூலத்தைத் தானே எழுத ஆரம்பித்தார். நடுவில் பேனாவை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு அந்த மெஷின் வெச்சிருக்காங்கன்னு ஊருக்கே தெரியும். அதனாலதான் இப்படி ஆயிடுச்சுன்னு எழுதிக்கறேன். கோர்ட்டுலயும் எடுபடும். உங்கள மாதிரி ஒருத்தர் தானா இத செய்வாருன்னு யாரும் நம்ப மாட்டாங்க. பட்டியல் கிட்டியலெல்லாம் வக்கீல் பாத்துக்குவாரு."

எதிர்ச்சுவரில் பேரிடர் கால எண்கள் எழுதிய பலகை ஒன்று தொங்கியது. தணிகைவேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் சொன்னபடி எழுதவிட்டால் சில வருடங்களில் வெளியே வந்துவிடலாம். சவரியின் சாவை அந்த உலோகத்தின் தலையில் கட்டிவிடலாம். ஆனால் அதைக் கட்டினால் லாரி டிரைவரும், நான்கு மீனவர்களும், மற்ற எல்லோரும் கூடவே அந்த உலோகத்தின் கணக்குக்குப் போய்விடுவார்கள்.

"அதுல ஒண்ணும் இல்ல. வெறும் கூடுன்னு எழுதுங்க."

"சார், யோசிச்சு..."

"எழுதுங்க. இன்பராஜ்னு ஒருத்தன் இருந்தான், படகுல. அதையும் எழுதிக்கங்க."

இன்ஸ்பெக்டர் எழுதினார். ஒரு வரி எழுதி, அதை அடித்து, மறுபடி எழுதினார். பிறகு நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "அப்ப எல்லாமே நீங்களாத்தான் செஞ்சீங்களா சார்?"

"ஆமா" என்றான் தணிகைவேல். "எல்லாமே நான்தான்."

அதைச் சொன்னபோது தன் குரலில் லேசாக ஒரு பெருமை தட்டியதை அவனே கேட்டான். கேட்ட பிறகு அவனால் தலை நிமிர முடியவில்லை. இன்ஸ்பெக்டர் காகிதத்தைத் திருப்பி அவன் பக்கம் வைத்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டிக்கொண்டு நின்றார்.